அவள் கொண்டுவந்த ஜன்னல்

எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலை ஐந்தாறு வருடமாகத் திறந்ததில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரிகள் எங்கள் தெருமுனையில்தான் திரும்புகின்றன. திறந்தால் கடற்காற்று வரும், கூடவே கறுப்பாக ஒரு பொடியும் வரும். காலையில் உலர்த்திய வெள்ளைக் கைலி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் ஒரு திரையையும் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் ஒரு கடல் இருப்பதையே மறந்திருந்தோம்.

அந்த ஜன்னல் சட்டத்தில்தான் என் மனைவி முதல் சீட்டை ஒட்டினாள். சீட்டு என்றால், காகித பிளாஸ்திரி. குளுக்கோஸ் பாட்டிலில் நோயாளியின் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவார்களே, அது. காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். இருபது வருடமாக எதையும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டித்தான் அவளுக்கு நினைவில் நிற்கும். ஜன்னலில் 'ஃபென்ஸ்டர்' என்று ஒட்டினாள். பிறகு கதவு, மேசை, அரிசி டின், முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு வாரத்தில் வீடு முழுவதும் வார்டாகிவிட்டது. நான் உட்காரும் நாற்காலிக்கும் ஒன்று கிடைத்தது. எனக்கு மட்டும் இல்லை.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு தேர்வு. அதில் தேறினால் விசா. முதல் இரண்டு வருடம் அவள் மட்டும் போக வேண்டும், பிறகு நானும் போகலாம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். பையன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். ஆக வீட்டில் மிஞ்சப்போவது நானும் இந்தச் சீட்டுகளும்.

அவள் போவதை நான் விரும்பவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. பையன் பிறந்து நாற்பதாம் நாள் நான் சவூதிக்கு, தம்மாமுக்கு விமானம் ஏறியவன். பதினொரு வருடம் அங்கே ஒரு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தேன். போகலாமா என்று அவளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளும் போகாதீங்க என்று சொன்னதில்லை. இப்போது ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, இடைவேளையில் என்னுடையதை எழுதுகிறேன். உரைநடை போல ஓடும், வரி மடங்காத கவிதைகள். சிறு பத்திரிகைகளில் வரும். படிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அந்த விரல்களில் ஒன்று எப்போதும் அவளுடையது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு வகுப்பு. இங்கே விளக்கு ஏற்றும் நேரம், ஜெர்மனியில் மத்தியானம். உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். நான் அடுக்களையில் வெங்காயம் உரிப்பேன். வெங்காயம் உரிக்கிறவனின் கண் கலங்கியிருந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். வடக்கு ஜெர்மனியில் கடலோரமாக ஏதோ ஊரில் இருக்கிறார். இளம் வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கலாம். முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. குரல்தான் அடுக்களை வரை வரும்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. பிழையெண்டாலும் கதையுங்கோ. நான் என்ன அடிக்கவா போறன்?"

உடனே அவள் சிரிப்பாள். அது ஒரு தனிச் சிரிப்பு. தொண்டையிலிருந்து வராமல் இன்னும் கீழே எங்கிருந்தோ வருவது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அந்தச் சிரிப்பை நான் எத்தனை முறை வரவழைத்திருக்கிறேன் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பேன். அக்கா என்றுதான் அவர் கூப்பிடுகிறார். அவளும் சார் என்றுதான் சொல்கிறாள். பொறாமைக்கு இந்த மரியாதையெல்லாம் புரிவதில்லை.

தேர்வில் ஒரு பகுதி, நோயாளியோடு பேசுவது. அதற்கு வீட்டில் யாராவது நோயாளியாகப் படுத்து, எழுதிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும்.

"மச்சான், நீங்க படுத்துக்குங்க. தமிழ் எழுத்துலயே எழுதித் தர்றேன். வாசிச்சாப் போதும்."

"எனக்கு அந்த நாக்கு வராது."

"பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு எடுத்துப் படிச்ச ஆளுதானே நீங்க. அது வந்துச்சு, இது வராதா?"

"கடையில வேலை கெடக்கு."

மறுநாளிலிருந்து அந்த வாத்தியாரே அவளுக்கு நோயாளியானார். அடுக்களையிலிருந்து கேட்டேன். அவர் வயிற்று வலியில் முனகினார். அவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள், எனக்குத் தெரியாத மொழியில்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் வகுப்பு முடிந்து, ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடியே அடுக்களைக்கு வந்தாள்.

"மச்சான், ஜன்னலுக்கு அந்தக் காலத்துல அவங்க என்னான்னு பேரு வச்சிருந்தாங்க தெரியுமா?"

"ஃபென்ஸ்டர். அதான் ஒட்டி வச்சிருக்கியே."

"அது பின்னாடி வந்தது. இதுக்கெல்லாம் வடக்கே, கப்பல்லயே திரிஞ்ச சனங்க ஒரு பேரு வச்சாங்களாம். விண்டவ்கா. விண்டுன்னா காத்து. அவ்கான்னா கண்ணு." அவள் விரலால் தன் இமையைத் தொட்டுக் காட்டினாள். "காத்தோட கண்ணு மச்சான். நம்ம விண்டோன்னு சொல்றோம்ல இங்கிலீஷ்ல, அதுக்குள்ள இதுதான் இருக்காம். சாரு வாத்தியாரா ஆவறதுக்கு முந்தி ஜன்னல் மாட்டுற வேலை பாத்தாராம். கூட வேலை பாத்த டென்மார்க் ஆளு சொல்லிக் குடுத்ததாம்."

"அப்படியா" என்றேன். பருப்பைக் கிளறினேன். பருப்பு கிளறத் தேவையில்லாமல் நன்றாகவே வெந்திருந்தது.

முப்பது வருடமாக எழுதுகிறேன். ஜன்னலைப் பற்றி மட்டும் ஆறேழு எழுதியிருப்பேன். காற்றின் கண் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஜன்னல் சட்டத்தைத் தோளில் தூக்கிப்போன ஒருவனுக்கு அது கிடைத்திருக்கிறது. அவன் அதை என் மனைவிக்குக் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் கடையில், இரண்டு ஆதார் பிரதிகளுக்கு நடுவில், அந்தச் சொல்லைத் துருவ ஆரம்பித்தேன். தெரிந்துகொள்ளும் ஆசையால் அல்ல. அது பொய்யாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசையால். பொய்யில்லை. கண்ணாடி எட்டாத காலத்து வீடுகள். நடுவில் அடுப்பு, புகை போக ஒரு ஓட்டை. அதன் வழியே காற்று உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த ஓட்டைக்கு வைத்த பெயர் படகேறி இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் கண் துளை என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். வந்த சொல் அதை ஓரங்கட்டிவிட்டது. ஜெர்மன்காரர்களுடைய முன்னோர்களும் கண் வாசல் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு அதை விட்டுவிட்டு லத்தீனிலிருந்து ஃபென்ஸ்டரை வாங்கிக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிரெஞ்சு ஃபெனெத்ர் அதன் உடன்பிறப்பு.

ஒருவர் இல்லை, ஒரு கூட்டமே என்னை முந்தியிருக்கிறது. சுவரில் ஓட்டை போட்ட ஒவ்வொருவனும் அதில் ஒரு கண்ணைப் பார்த்திருக்கிறான். யாருக்கும் பெயரில்லை. யாரும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. பெயரில்லாதவர்கள் மேல் பொறாமைப்படுவது பெரிய கஷ்டம். பிடித்துக்கொள்ள ஒரு முகம் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரம் அந்தப் புகை வீடுகளில் அலைந்துவிட்டு, என் பொறாமை வாத்தியாரிடமே திரும்பி வந்தது.

எனக்கும் பாட்டன் முப்பாட்டன் உண்டு என்று அகராதியைத் திறந்தேன். பலகணி இருந்தது, பல கண்கள் கொண்டது. அதைவிடப் பழையதாக இன்னொன்று இருந்தது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி. அன்று கடையைச் சீக்கிரமே பூட்டினேன்.

அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி, நான் காலதரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டாள். நான் முடித்ததும் பின்னை எடுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வழிங்கறது வேற, கண்ணுங்கறது வேற மச்சான். வழின்னா காத்து வரும், போவும். கண்ணுன்னா அது நம்மளப் பாக்குதுல்ல?"

"நம்மது பழசு."

"பழசுதான். யாரு சொல்றா இப்ப? நம்ம வீட்லயே ஜன்னல்னுதானே சொல்றோம். அது போர்த்துக்கீசுக்காரன் விட்டுட்டுப் போனதுன்னு நீங்கதானே ஒருக்கா சொன்னீங்க."

அவள் போன பிறகு அவளுடைய பிளாஸ்திரியையே ஒரு துண்டு கிழித்து, 'காலதர்' என்று எழுதி, ஃபென்ஸ்டருக்குக் கீழே ஒட்டினேன். திரும்பி வந்து பார்த்தாள். கிழிக்கவில்லை. ஓரம் தூக்கியிருந்ததை நகத்தால் அழுத்திவிட்டுப் போனாள்.

எங்கள் கவிதைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எட்டு ஒன்பது பேர் கூடுவோம். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு மீன் வியாபாரி, சுரக்குடியிலிருந்து ஒரு விவசாயி, ஓய்வு பெற்ற தபால்காரர், இப்படி. யாரும் கை தட்டக் கூடாது. வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரியை எடுத்து, "இது எனக்கு வந்திருக்கணும்" என்று சொல்ல வேண்டும். எழுதியவர் "எடுத்துக்குங்க" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விமர்சனம். எங்களுக்குள் அதற்குப் பொறாமை வரி என்று பெயர். பொறாமையை இப்படி வெளியில் எடுத்துப் போட்டுவிட்டால் உள்ளே புளிக்காது என்று ஆரம்பித்தது. வருடத்தில் ஒரு கூட்டத்துக்கு வீட்டில் உள்ளவர்களும் வரலாம். சுண்டலும் டீயும் உண்டு.

அந்த வருடத்துக் குடும்பக் கூட்டத்துக்கு நான் புதிதாக ஒன்று எழுதியிருந்தேன். மூடிய கிழக்கு ஜன்னலைப் பற்றியது. அதன் கடைசிப் பக்கத்தில், 'ஜன்னல் என்பது காற்றின் கண்' என்று வைத்திருந்தேன். யார் சொன்னது என்று எங்கும் குறிப்பு இல்லை. எழுதும்போது கை கூசவில்லை என்றால் பொய். கூசிய கையாலேயே எழுதினேன். அவளுக்கு அன்று டியூட்டி, வர முடியாது என்று சொல்லியிருந்தாள்.

முதல் பக்கம் முடிவதற்குள் வகுப்பறைக் கதவு திறந்தது. அவள்தான். டியூட்டியை யாரோடோ மாற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் மேல் சால்வையோடு, வெள்ளை ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாசிங்க என்று கையைக் காட்டினாள்.

அந்த வரிக்கு இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. தாண்டிவிட்டிருக்கலாம். நின்று, இது என் மனைவி எனக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஒன்றரைப் பக்கம் என்பது நிறைய நேரம். அந்த நேரம் முழுவதும் என் வாய் ஒரு பக்கம் வாசித்துக்கொண்டிருந்தது, நான் வேறொரு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வரி வந்தது. வாசித்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

மீன் வியாபாரிதான் முதலில். "காற்றின் கண். இது எனக்கு வந்திருக்கணும்ங்க. கடல்லயே கெடக்குறவன் நான். எனக்குல்ல வந்திருக்கணும்."

"எடுத்துக்குங்க."

தபால்காரர் அதையே சொன்னார். சுரக்குடிக்காரரும். "எழுதிப்புட்டீங்க போங்க. இனிமே ஜன்னலத் தொறக்கயில உங்க மூஞ்சிதான் தெரியும்." ஆறு பேர் ஒரே வரியைக் கேட்டது அந்தக் கூட்டத்தில் அதுதான் முதல் முறை. ஆறு முறை எடுத்துக்குங்க என்றேன். என்னுடையதாக இல்லாத ஒன்றை ஆறு பேருக்கு அள்ளிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி பெஞ்சில் இருந்தவளுடைய பங்கு குறைந்துகொண்டே போனது.

வழக்கப்படி விருந்தாளியையும் கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"துடைத்த துணியைப் பிழிந்தேன், வாளிக்குள் ஒரு சின்னத் துறைமுகம்னு வாசிச்சாங்கள்ல. அது எனக்கு வந்திருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஏன்னா அந்த ஜன்னலத் துடைக்கிறது நானு."

எல்லோரும் சிரித்தார்கள். எடுத்துக்க என்று நான் சொல்ல வேண்டிய இடம். சொல்ல வரவில்லை. தபால்காரர்தான், "வீட்டு சொத்து, சொல்லணும்னு இல்ல" என்று சமாளித்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். நான் பின்னால். சுண்டல் பொட்டலம் என் மடியில். அரசலாற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் காற்று அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இறங்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்குப் பாடத்துல அது கெடையாது."

"எது?"

"காத்தோட கண்ணு. பாடம் வேற ஏதோ, மருந்துச் சீட்டு வாசிக்கிறது. எங்க வீட்டுக்காரங்க எழுதுறவங்க சார், அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்குற மாதிரி ஒரு சொல்லு சொல்லுங்களேன்னு நான்தான் கேட்டேன். அவரு ரெண்டு நாளு யோசிச்சுட்டுச் சொன்னாரு."

ஒரு பஸ் கடந்து போனது.

"உங்களுக்குன்னுதான் வாங்கிட்டு வந்தேன். கையில குடுத்தேன். நீங்க அப்படியான்னுட்டுப் பருப்பக் கெளறுனீங்க."

"எனக்குத் தெரியாது."

"குடுத்தத திருடுற ஆளு நீங்க ஒருத்தருதான் மச்சான்."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பிறகு வண்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "நான் போறது புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. அத விட்டுட்டு அவருகூடப் போட்டி போட்டுக்கிட்டு, செவத்துல சீட்டு ஒட்டிக்கிட்டு."

"புடிக்கல."

"ம்."

"நான் போனப்ப உன்னக் கேக்கல. அதனால சொல்ல வரல."

"தெரியும்." வண்டியைக் கிளப்பினாள். "எனக்கும் அப்பப் புடிக்கல. ஆனா நான் போவேன்."

வீட்டுக்கு வந்ததும் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்த வரி என்னுடையதல்ல. என் மனைவி கொண்டுவந்தது. அவளுக்கு அதைக் கொடுத்தவர் ஜன்னல் மாட்டியவர். அவருக்குக் கொடுத்தவர் டென்மார்க்காரர். அதற்கு அந்தப் பக்கம் பெயர் தெரியாது. மூன்று முறை அழித்து எழுதி அனுப்பினேன். பிறகு மீன் வியாபாரி: "அப்ப எடுத்துக்குங்கன்னு குடுத்தீங்களே, அத யாருகிட்டத் திருப்பிக் குடுக்கணும்?" அதன் கீழே சுரக்குடிக்காரர்: "அவங்க வீட்ல. சுண்டல் டப்பாவோட." தபால்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. படித்துவிட்டதற்கான நீலக் குறி இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போடவில்லை. எப்போதும் போடுகிறவர்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாலை, நானாகவே போய்க் கட்டிலில் படுத்தேன்.

"என்னா, தலைவலியா?"

"நோயாளி."

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்தாள். தமிழ் எழுத்தில், அவளுடைய டிரிப் பாட்டில் கையெழுத்தில், நோயாளி சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. எப்போது எழுதி வைத்தாளோ, தாளின் மடிப்பு பழையதாக இருந்தது.

குட்டன் டாக் என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் குரல். தெளிவாக, அவசரமில்லாமல், கொஞ்சம் அதிகாரத்தோடு. நான் முதன்முதலாக அந்தக் குரலுக்கு முன்னால் படுத்திருந்தேன், அடுக்களையில் நிற்காமல். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். தாளில் வயிறு என்று இருந்தது. கையை வயிற்றில் வைத்தேன். அதில் நடிக்க ஒன்றும் இருக்கவில்லை. எப்போதிலிருந்து என்றாள். எழுதியிருந்ததை வாசித்தேன். என் உச்சரிப்புக்கு அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், நர்ஸ் சிரிக்கக் கூடாதல்லவா.

கடைசி வரி: "பிட்டெ, ஃபென்ஸ்டர் அவ்ஃப்." தயவுசெய்து ஜன்னலைத் திறங்கள்.

அவள் பதில் வசனத்தைச் சொல்லவில்லை. எழுந்து போய்த் திரையை ஒதுக்கினாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து நாலு சொட்டு விட்டு, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. காற்று உள்ளே வந்து முதலில் காலண்டரைப் புரட்டியது, பிறகு அவள் துப்பட்டாவை, பிறகு என் கையிலிருந்த தாளை. இரண்டு பிளாஸ்திரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படபடத்தன. கண் என்றால் நம்மைப் பார்க்கும் என்றாளே. கட்டிலில் படுத்தபடி நான் அதற்குத் தெரிந்தேன்.

"சரியா சொன்னேனா?" என்றேன்.

"பாஸ் மார்க்" என்றாள்.

சென்னைக்கு அவள் தனியாகத்தான் போய் வந்தாள். தேறிவிட்டாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் என் கடையில்தான் இரண்டிரண்டு பிரதி எடுக்கிறேன். அடுத்த கட்டத்துக்கு இன்னும் பேச்சுப் பயிற்சி வேண்டுமென்று மாலை வகுப்பு நிற்கவில்லை.

ஜன்னலை மூடவில்லை. மூடலாமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. தூசி தினமும் வருகிறது, தினமும் நான் துடைக்கிறேன். நேற்றும் துடைத்தேன். துணியை வாளியில் பிழிந்து பார்த்தேன். துறைமுகம் எதுவும் தெரியவில்லை. கறுப்பாகத் தண்ணீர் இருந்தது, கொட்டிவிட்டு வேறு பிடித்தேன்.

உள்ளறையில் வாத்தியார் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள், கீழே எங்கிருந்தோ வரும் அந்தச் சிரிப்பு. வாளியைப் பிடித்தபடி, அது முடிகிற வரை நின்று கேட்டேன். அது எனக்கு வந்திருக்கணும்.